தொட்டுப் படிக்கும் ஏடு

“கையைக் கழுவு!” கட்டளை பிறக்கிறது.

“ஏன்?” குழந்தை கேட்கிறது.

“சொன்னதைச் செய்!” விடை வருகிறது. இல்லை, விடை வர வேண்டிய வாயில் அடைக்கப்படுகிறது.

வீட்டிலே தாய், வகுப்பிலே ஆசிரியர், மருத்துவமனைச் சுவரிலே ஒட்டிய வண்ணத்தாள் ஆகிய மூவரும் குழந்தையிடம் ஏவல் வினையிலேயே பேசுகின்றனர். பல் துலக்கு, நகம் வெட்டு, காய் தின்னு, செருப்பு அணி! ஆத்திசூடிக் காலந்தொட்டு நம் குழந்தை இலக்கியத்துக்கு ஏவலே இலக்கணமாகிவிட்டது. ஏவல் தவறென்று நாம் கூறவில்லை. காரணம் காட்டாத ஏவல், கட்டளையிட்டவர் அறையை விட்டு வெளியேறியதும் தானும் வெளியேறிவிடும் என்று மட்டுமே கூறுகிறோம். தாயின் கண்ணுக்கு அஞ்சிக் கை கழுவும் பிள்ளை, தாய் திரும்பியதும் கழுவாது. அதன் கையிலே அழுக்கு இருப்பது தாயின் கண்ணுக்குத்தான் தெரிந்ததே தவிர, பிள்ளையின் அறிவுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்திலேதான் ஒரு புதுவகை ஏடு நம் கவனத்தைக் கோருகிறது. தாளிலே வெட்டிய சிறு கதவை விரலால் திறக்க வேண்டும்; துளையிலே விரலை நுழைக்க வேண்டும்; அட்டை நாக்கை இழுக்க, படத்திலுள்ள வாய் திறக்கும்; சொரசொரப்பைத் தடவ, முதலையின் முதுகு தெரியும். குழந்தை கேட்டுக்கொண்டு மட்டும் இராமல், கைவைத்துப் படிக்கும் படநூல்கள் இவை. நல்ல பழக்கம் கற்பிக்க இவையே சிறந்த கருவி என்று பதிப்பகத்தார் பறைசாற்றுகின்றனர். நகரத்துப் பெற்றோர் விலை பாராது வாங்குகின்றனர். பாராட்டு இருக்கட்டும், பரிசோதனை நடக்கட்டும் என்பது நம் கட்சி.

படத்தைக் காட்டிப் பாடம் சொல்லும் முறை நேற்று முளைத்ததன்று. 1658-ஆம் ஆண்டிலேயே நூரம்பெர்க் நகரில் கொமீனியசு என்ற கல்வியாளர், உலகத்துப் பொருள்களையெல்லாம் படமாக்கி, இலத்தீனும் செருமானியமும் அருகருகே அச்சிட்ட நூலை வெளியிட்டார். ஆனால் உடல்நலப் பழக்கத்தைப் படநூலுக்குள் கொண்டுவந்து வீடுதோறும் நுழைத்த பெருமை ஒரு மருத்துவருக்கே உரியது. பெருமையோடு பழியும் உரியது.

பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் என்றிக் ஓப்மன், 1844-ஆம் ஆண்டுக் கிறித்துமசுக்குத் தம் மூன்று வயது மகனுக்குப் படநூல் ஒன்று வாங்கக் கடைத்தெருவுக்குச் சென்றார். கிடைத்தவையெல்லாம் வறட்டு அறிவுரை. வெற்றுக் குறிப்பேடு ஒன்றை வாங்கிவந்து, தாமே படம் வரைந்து, பாட்டெழுதி, மகனுக்குத் தந்தார். நோயுற்ற குழந்தைகள் மருத்துவரைக் கண்டு அலறும்போது, படம் வரைந்துகாட்டி அமைதிப்படுத்தும் வழக்கமும் அவருக்கு இருந்தது. அந்தக் குறிப்பேடுதான் 1845-இல் அச்சேறி, ‘சுட்ருவல்பீட்டர்’ என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. பரட்டைத் தலை பீட்டர் என்று நாம் சொல்லலாம்.

உள்ளே நடப்பதென்ன? நகம் வெட்டாத, தலை வாராத பீட்டர் காட்சிப்பொருளாய் நிற்கிறான். கஞ்சி வேண்டாம் என்ற காசுபர் நாளுக்குநாள் நூலாய் இளைத்து ஐந்தாம் நாள் இறக்கிறான். கல்லறையின்மேல் கஞ்சிப் பாத்திரம்! கட்டைவிரல் சூப்பிய கொன்ராடின் இரு கட்டைவிரல்களையும் தையற்காரன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டியெறிகிறான். படிக்கும் பெரியவர் சிரிக்கலாம். மிகைப்படுத்தி வேடிக்கை செய்கிறார் என்று ஓப்மனுக்காக வாதிடுவோரும் உண்டு. வாதம் முற்றும் பொய்யென்று தள்ள மாட்டோம். வறட்டு அறிவுரையைக் கண்டு சலித்தவர்தாமே அவர்! ஆனால் விரல் சூப்பினால் என்ன கெடும் என்று அந்த நூல் எங்கே சொல்கிறது? பல் வரிசை பிறழும் என்றோ, அழுக்கு வயிற்றுக்குள் செல்லும் என்றோ ஒரு சொல் உண்டா? இல்லை. கத்தரிக்கோல்தான் காரணம்! “பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்” என்று நம் வீட்டுத் திண்ணையில் சொன்னதற்கும், மருத்துவர் அச்சிட்டுச் சொன்னதற்கும் வேறுபாடு வண்ணத்திலே இருக்கிறதேயன்றி எண்ணத்திலே இல்லை. அச்சத்தை ஊட்டிய பழக்கம் அச்சம் அகன்றதும் அகலும். கத்தரிக்கோல்காரன் வரமாட்டான் என்று ஒருநாள் கண்டுகொள்ளும் சிறுவன், அன்றோடு மருத்துவரையும் நம்பமாட்டான்.

சோவியத்து நாட்டுக் கவிஞர் கோர்னேய் சுகோவ்ஸ்கி 1923-இல் வெளியிட்ட ‘மொய்தோதிர்’ வேறு வழியில் சென்றது. ‘ஓட்டை விழும்வரை கழுவு’ என்ற பொருள்பட அமைந்த வேடிக்கைப் பெயர் அது. அழுக்குச் சிறுவன் கண்விழிக்கிறான். போர்வை ஓடிவிடுகிறது, தலையணை தவளைபோல் தாவி ஓடுகிறது, கழுவுதொட்டி காலை வளைத்து நடந்துவந்து கடிந்துகொள்கிறது, தேய்ப்புநார் தெருத்தெருவாய்த் துரத்துகிறது. குளித்த பிறகே உடையும் உணவும் அவனிடம் திரும்பி வருகின்றன. பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சலுக்குப் பல இலட்சம் உயிரைப் பறிகொடுத்த நாடு அப்போதுதான் மூச்சுவிடத் தொடங்கியிருந்தது. அந்நாட்டில் அழுக்கு என்பது அழகுக் குறைவன்று, சாவு! அதை அறிந்த கவிஞர் கல்லறையைக் காட்டவில்லை, ஓட்டத்தைக் காட்டினார். நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் மலிவு விலையில் சோவியத்துப் படநூல்களை வாங்கிப் படித்து வளர்ந்த தமிழ்நாட்டுத் தலைமுறைக்கு, அந்த நாட்டு ஏடுகளின் வண்ணமும் குறும்பும் நினைவிருக்கும். எனினும் நம் கேள்வி அங்கும் நிற்கிறது. பொருள்கள் துரத்துகின்றன, சிறுவன் பணிகிறான். அறிந்து பணிந்தானா? அடங்கிப் பணிந்தானா?

அறிந்து செய்வதற்கும் அடங்கிச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கு மட்டுமே உரியதன்று. 1847-இல் வியன்னாப் பொது மருத்துவமனையில் இக்னாசு செம்மல்வைசு என்ற மருத்துவர், பிணவறையிலிருந்து வரும் மாணவர்கள் சுண்ணக் குளோரைடு நீரில் கை கழுவிய பிறகே மகப்பேற்று விடுதிக்குள் நுழையலாம் என்று விதித்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 தாய்மார் மாண்ட அந்த விடுதியில், சில மாதத்துக்குள் சாவு 2-ஐ ஒட்டி இறங்கிற்று. கற்றறிந்த மருத்துவர் பலர் ஏற்றனரா? இல்லை! ஏன் கழுவ வேண்டும் என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணம் அன்று கிடைக்கவில்லை. தங்கள் கையே சாவைக் கொண்டுவந்தது என்று ஒப்புவதற்கு அவர்களின் பெருமையும் இடந்தரவில்லை. மெத்தப் படித்த மேதைகளே காரணம் தெரியாத கட்டளையைத் தூக்கியெறிந்தனர் என்றால், ஐந்து வயதுப் பிள்ளையை நொந்து பயனென்ன?

ஆகவேதான் கைவைத்துப் படிக்கும் ஏட்டின்மீது நமக்கு நம்பிக்கை பிறக்கிறது. காரணத்தை அது பிள்ளையின் விரல்நுனிக்குக் கொண்டுவர முடியும்.

அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் 1969-இல் படைத்த ‘பெரும்பசிப் புழு’ அப்படிப்பட்டது. தாளிலே துளைகள், பழத்தைப் புழு தின்ற வழி. திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய், புதனன்று மூன்று பிளம் என்று பசி ஏறிக்கொண்டே போகிறது. குழந்தை விரலைத் துளையில் விட்டு எண்ணுகிறது. சனியன்று வருகிறது வினை. சாக்லேட் கேக்கு, ஐஸ்கிரீம், ஊறுகாய், பாலாடைக்கட்டி, இறைச்சிச் சுருள், இனிப்பு மிட்டாய் என்று கண்டதையெல்லாம் தின்று தீர்க்கிறது புழு, இரவு வயிற்றுவலி. ஞாயிறன்று ஒரே ஒரு பச்சை இலை, வலி தீர்கிறது. “மிகுதியாய்த் தின்னாதே” என்ற அறிவுரை எங்கும் இல்லை. வயிறு வலித்தது, இலை தின்றது, நலமாயிற்று. முடிவைக் குழந்தையே கட்டிக்கொள்கிறது. ஐந்து கோடிப் படிகளுக்குமேல் விற்ற நூல் இது. 2011-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தன் நல்லுணவுப் பரப்புரைக்கு இந்தப் புழுவைத் துணைக்கழைத்ததில் வியப்பில்லை. வண்ணத்துப்பூச்சி வெளிவரும் கூட்டுக்கு அந்துப்பூச்சிக் கூட்டின் பெயரைச் சூட்டியிருக்கிறது நூல். அறிவியல் நோக்கிலே அது ஒரு சறுக்கல். சொல்லாமல் விட மனமில்லை, சொல்லிவிட்டுக் கடந்துசெல்கிறோம்.

துளை இங்கே வேடிக்கைக்காக இடப்பட்டதன்று. புழுவின் வாயும் குழந்தையின் விரலும் ஒரே வழியில் செல்கின்றன. தின்பது என்றால் பொருள் குறைவது, உடல் பெருப்பது என்ற உண்மையைத் துளையே சொல்கிறது. துளையை அடைத்துவிட்டால் நூல் பாதி ஊமையாகிவிடும். ஒரு நூலைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் நமக்குத் தெரியவில்லை. கதவை ஒட்டிவிடு, துளையை அடைத்துவிடு, இழுப்பானை வெட்டிவிடு. பிறகும் நூல் சொன்னதையே சொல்கிறதா? அப்படியானால் அந்தக் கதவும் துளையும் விலையை ஏற்ற வந்த அலங்காரம்.

அலங்காரம் பயனற்றது மட்டுமன்று, இடையூறும் செய்யும். வர்ச்சீனியாப் பல்கலைக்கழகத்து உளவியலார் யூடி டெலோச்சியும் அவர்தம் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. எழும்பி நிற்கும் படமும் இழுக்கும் அட்டையும் கொண்ட நூலைப் பார்த்த சிறு குழந்தைகளைவிட, வெறும் படநூலைப் பார்த்த குழந்தைகளே கூடுதலாகக் கற்றனர்! காரணம் விளங்காததன்று. கை வேலையிலே ஈடுபட்ட கவனம், கருத்தைக் கோட்டைவிட்டுவிட்டது. மாறாக, இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தார் எளிய வழியைக் கையாண்டனர். பழக்கமற்ற காய்களின் படங்களை நாள்தோறும் சில நிமிடம், இரண்டு வாரம், பெற்றோர் மடியிலிருந்து குழந்தைகள் பார்த்தன. பார்த்த காயைச் சுவைக்க முன்னைவிட இசைந்தன. கதவில்லை, துளையில்லை, படமும் மடியும் பேச்சும் போதுமானவையாயின. கதவு வைத்தால் கற்பித்தாயிற்று என்று மார்தட்டும் பதிப்பகத்தார் இவ்விரண்டையும் ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நலம்.

திரையிலே தொட்டால் பாடும், தட்டினால் ஆடும் நூல்களைப் பற்றியும் சிலர் கேட்பர். அங்கே எதைத் தொட்டாலும் கண்ணாடியைத்தான் தொடுகிறோம். பேச்சை வளர்த்த விரும்பவில்லை.

இனி, நம் நெஞ்சைத் தொட்ட நூலொன்று. ஆத்திரேலிய நாட்டில் 2017-இல் வந்தது. இடான் பென்-பராக் எழுத, சூலியன் பிராசுட் படம் வரைந்தது. பெயரே குறும்பு: ‘இந்த நூலை நக்காதே!’ மின் என்னும் நுண்ணுயிர் நூலின் தாளிலே குடியிருக்கிறது. விரலால் தொட்டு அதை எடுத்துக்கொள்ளும்படி நூல் குழந்தையை அழைக்கிறது. பிறகு பல்லுக்கு, சட்டைக்கு, தொப்புளுக்கு என்று விரல்வழியே மின்னின் பயணம் நடக்கிறது. செல்லும் இடமெல்லாம் வேறு வேறு நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. பின்னணியிலே மின்னணு நுண்ணோக்கி காட்டிய உண்மைப் படங்கள்! தாள் மலைமுகடாய்த் தெரிகிறது, சட்டைத்துணி காடாய்த் தெரிகிறது. இந்த ஏட்டில் கதவில்லை, இழுப்பானில்லை. குழந்தையின் விரலே கதவு. தொற்று என்றால் என்ன என்பதைத் தொட்டே காட்டிவிட்டார்கள். நம் உரைகல்லில் இந்நூல் பொன்னாய் ஒளிர்கிறது.

பொன்னாய் ஒளிர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் நாட்டுக்கே உரிய காரணம்.

‘தொடாதே’ என்பதே தூய்மை என்று நூற்றாண்டு நூற்றாண்டாய்ச் சொல்லிவைத்த நாடு இது. குளத்திலே குளித்தெழுந்து, ஈர வேட்டியோடு ‘மடி’ காத்து, எதிரே வந்த உழைப்பாளியின் நிழல் பட்டதும் மறுபடி முழுகியவர், தம்மைத் தூயவர் என்று எண்ணிக்கொண்டார். அவர் முழுகிய குளம் பாசி படிந்திருந்தது. பல நூறு பேர் வாய் கொப்பளித்த நீர் அது! கிருமி கண்ணுக்குத் தெரியவில்லை. சாதி மட்டும் தெரிந்தது. தீட்டுக்கும் தூய்மைக்கும் தொடர்பில்லை என்று மேடைதோறும் முழங்கினோம். அந்த முழக்கத்தைப் படநூல் ஒரு விரல்தொடலில் சொல்லிவிடுகிறது. நுண்ணுயிர் எல்லார் பல்லிலும் இருக்கிறது. எல்லார் தோலிலும் இருக்கிறது. அக்கிரகாரத்துக் கையிலும் சேரியின் கையிலும் ஒரே மின் ஏறி அமர்கிறது. இதை ஐந்து வயதிலே விரலால் கற்ற குழந்தையிடம், பதினைந்து வயதிலே ஒருவன் வந்து தீட்டுக் கதை சொன்னால் என்ன ஆகும்? சிரித்துவிடாதா?

ஆனால் நம் கடைகளில் விற்கும் நலவாழ்வுப் படநூல்களைப் புரட்டினால் என்ன காண்கிறோம்? அழுக்குப் பிள்ளை கறுப்பாய் இருக்கிறது; குளித்த பிள்ளை சிவப்பாய் இருக்கிறது! அட்டைக் கதவைத் திறந்தால் கறுப்பு மறைந்து வெளுப்பு வருகிறது. இது ஓவியனின் கைப்பிழை என்று விட்டுவிட முடியாது. 1880-களிலேயே பியர்சு சோப்பு விளம்பரத்தில், தொட்டியில் குளித்தெழுந்த கறுப்பினச் சிறுவனின் உடல் கழுத்துவரை வெண்மையாகிவிட்டதாய் வரைந்து விற்றனர் வெள்ளையர். ‘பரட்டைத் தலை பீட்டர்’ நூலிலும் ஒரு கதை உண்டு. கறுப்பினத்தவன் ஒருவனை எள்ளி நகையாடிய மூன்று சிறுவரை, நிக்கோலாசு முதியவர் மைக்கூட்டில் அமிழ்த்தி எடுக்கிறார். எள்ளுதல் தவறென்று சொல்லவந்த நூல், கறுப்பையே தண்டனையாக்கிவிட்டது! நல்ல நோக்கம் தவறிவிழும் இடம் அதுதான். கறுப்பு அழுக்கன்று, உழைப்பும் கதிரும் தந்த நிறம் என்று பாடிப் பாடி வளர்ந்த நாட்டில், தேய்த்தால் போகும் கறை என்று நம் தோலையே வரைந்து குழந்தையிடம் நீட்டும் ஏட்டை, எத்தனை துளையிருந்தாலும் நாம் வரவேற்க முடியாது.

நிறம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஏடுகளில் எல்லார் வீட்டிலும் பீங்கான் கழுவுதொட்டி இருக்கிறது. குழாயைத் திருகினால் நீர் கொட்டுகிறது. அம்மா மேலாடை கட்டிச் சமைக்கிறார். அப்பா நாளேடு படிக்கிறார். சமைக்கும் அப்பாவையும் துடைப்பம் பிடித்த அண்ணனையும் தேடித்தேடிக் கண் பூத்தது. தெருக்குழாயிலே குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தாயின் பிள்ளை, அந்தப் படத்தைப் பார்த்து என்ன எண்ணும்? ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற பழமொழியை எடுத்தெறிந்து பேசுவோர் சொல்லட்டும். கந்தை என்று ஏழையை ஒப்புக்கொண்டாவது அது பேசியது! ஆனால் கசக்குவதற்கு நீர் எங்கே என்று அதுவும் கேட்கவில்லை.

‘செருப்பு அணி’ என்ற பாடத்தையே எடுத்துக்கொள்வோம். கொக்கிப்புழுவின் குட்டி ஈரமண்ணில் இருக்கிறது; வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே ஏறுகிறது; குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுகிறது; பிள்ளை வெளிறிச் சோர்கிறது. 2015 முதல் நாடெங்கும் குடற்புழு நீக்க நாள் நடத்தி, பள்ளிகளிலே அல்பெண்டசோல் மாத்திரை வழங்குகின்றனர். நல்லது. இந்தக் கதைக்கு இழுப்பான் வைத்த படநூல் மிகப் பொருத்தம். அட்டையை இழுக்கப் புழு பாதத்தில் ஏறும். செருப்புக் கதவை மூட வழி அடைபடும். வரைந்தால் வாங்கிக்கொள்வோம். ஆனால் செருப்பணிந்து தெருவில் நடக்கக்கூடாது என்று ஒரு மக்களுக்குத் தடை விதித்த தெருக்கள் நம்மிடம் இருந்தனவே! 2023-ஆம் ஆண்டின் இறுதியில் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஒடுக்கப்பட்ட மக்கள் அறுபதின்மர் ஒரு தெருவில் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தது நாளேட்டுச் செய்தியாயிற்று. 2023! அந்தத் தெருவின் பிள்ளையிடம் ‘செருப்பு அணி’ என்று படம் காட்டினால், பிள்ளை கேட்கும் கேள்விக்கு எந்தக் கதவைத் திறந்து விடை காட்டுவோம்? பள்ளிக் கழிப்பறையைக் கழுவும் வேலையை ஒடுக்கப்பட்ட பிள்ளைகளிடமே ஏவியதற்காக 2022-இல் நம் மாநிலத்திலேயே வழக்குப் பதிவாயிற்று. தூய்மைப் பாடம் அங்கே யாருக்கு நடந்தது?

குழந்தை நூலில் அரசியலா என்று முகஞ்சுளிப்பாரும் உளர். உணவுப் பாடத்தைப் பாருங்கள். ‘நாளும் முட்டை, கீரை, பயறு உண்’ என்று வரைந்துவிட்டால் வயிறு நிரம்புமா? 1920-இல் நீதிக்கட்சியார் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு இட்டனர்; 1956-இல் காமராசர் விரித்தார்; 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கிப் பெருக்கினார், 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது, 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. தட்டிலே சோறு வந்த பிறகுதான் ‘சோற்றோடு கீரையும் தின்னு’ என்ற படத்துக்குப் பொருள் வந்தது. படநூலின் கதவு ஒன்றைத் திறந்தால் சத்துணவுக்கூடத்து அடுப்பும், அங்கே கொதிக்கும் சாம்பாரும், கரண்டி பிடித்த சமையற்கார அம்மாவும் தெரிய வேண்டும் என்கிறோம். பிள்ளை நாள்தோறும் காணும் முகம் அது. அதை விட்டுவிட்டு வெள்ளைத் தொப்பிச் சமையற்காரனை ஏன் வரைகிறீர்கள்?

வரையத் தெரிந்த கைகள் நம்மிடம் இல்லையா? சென்னையின் தாரா பதிப்பகம் கைத்தாளில், கையாலேயே பட்டுத்திரை அச்சிட்டு வெளியிட்ட நூல்களை உலகமே வாங்குகிறது. விலைதான் எளியோர் கைக்கு எட்டாதது. எழும்பும் படமும் இழுக்கும் அட்டையும் கொண்ட நூலை இன்றும் மனிதர் கையே ஒட்டி முடிக்கிறது. மியூனிக் நகரத்து மெகெண்டோர்பர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெல்லிய செப்புக்கம்பி முடுக்கி, ஓர் இழுப்பில் நான்கைந்து உறுப்பை அசையவைத்த நாள் முதலாய் அதுதான் நிலை. எனவே விலை ஏறும். விலை ஏறினால் நூல் மாளிகைக்குப் போகும். தப்பித்தவறிப் பள்ளிக்கு வந்தாலோ அலமாரிக்குள் போகும். நாம் சென்று பார்த்த ஒரு தொடக்கப்பள்ளியில் அப்படிப்பட்ட நூல்கள் பதினைந்து இருந்தன. உறை பிரிக்காமல், பூட்டிய பீரோவுக்குள் இருந்தன! “பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும்” என்றார் ஆசிரியர். அவர்மேல் நமக்குச் சினமில்லை. கிழிந்த நூலைக் குற்றமாகவும் கிழியாத நூலைச் சாதனையாகவும் எழுதிக்கொள்ளும் பதிவேட்டின்மேல்தான் சினம். தொட்டுப் படிக்க அச்சிட்ட ஏட்டுக்கும் தீண்டாமையா?

2023-இல் பள்ளிக் கல்வித்துறை நடத்திய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய சிறு நூல்களைப் பிள்ளைகளின் கையில் தந்தது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ் உட்படப் பன்மொழிப் படக்கதைகளை எவரும் எடுத்து அச்சிடலாம் என்று திறந்தே வைத்திருக்கிறது. மெல்லிய நூலுக்குத் துளையிட ஆணி போதும். கதவு வெட்ட ஆசிரியரின் கத்தரிக்கோல் போதும். ஒரே தாளை எட்டாய் மடித்து, நடுவே ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்க ஏடு பிறக்கும். காகிதக் கப்பல் மடிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் அது அரைமணி நேர வேலை.

அந்த எட்டுப் பக்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் நாம் சொல்லித் தருகிறோம். மற்றவற்றை எழுதுவோர் எழுதட்டும். தாளிலே மஞ்சளைக் குழைத்துப் பூசி உலர்த்துங்கள். அதன்மேல் ஒரு பிள்ளை வெறும் நீரில் நனைத்த உள்ளங்கையை வைக்கட்டும். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். இன்னொரு பிள்ளை சலவைச் சோப்பு நுரைத்த உள்ளங்கையை வைக்கட்டும். கை பட்ட இடம் செக்கச் சிவக்கும்! சோப்பிலுள்ள காரம் மஞ்சளைச் சிவப்பாக்குகிறது. விரலிடுக்கில் சோப்பு எட்டவில்லையா? அச்சிலே அந்த இடம் மஞ்சளாகவே நின்று காட்டிக்கொடுக்கும். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரலடி என்று கழுவத் தவறும் இடங்களைத் தாளே சுட்டும். ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை.

இதே சிவப்பைத்தான் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து தட்டிலே கரைத்து, வாசலிலே சுற்றி, கண்ணேறு கழிந்தது என்றார்கள். சுண்ணாம்பும் காரம், சோப்பும் காரம். ஆலம் கரைத்த பாட்டியையும் அன்றைக்கு வகுப்புக்கு அழையுங்கள். பேரனின் கை அச்சு சிவப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். பிள்ளைகள் “ஏன்?” என்று கேட்பார்கள், பாட்டியும் கேட்பார். விடை தெரிந்த ஆசிரியர் சொல்லட்டும். தெரியாதவர் பிள்ளைகளோடு சேர்ந்து தேடட்டும். தாள் நனைந்து கிழியும்; கிழிந்தால் ஒட்டுவதற்கு ஒரு கிண்ணம் மாவுப்பசை மேசையிலேயே இருக்கட்டும். பீரோவின் சாவியைப் பிள்ளைகளில் ஒருவரிடம் வாரத்துக்கு ஒருவராய்க் கொடுத்துவைக்கலாம்; பதிவேட்டில் ‘கிழிந்தவை’ என்ற பத்தியின் தலைப்பை அடித்துவிட்டு ‘படித்தவை’ என்று எழுதிக்கொள்ளலாம்.